நீலப் புத்தகம் பூஜையில் இருந்த நாள்

போன வாரம் நஸ்ரீன் போன் செய்தாள். திண்டிவனத்தில் நான் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த ஆங்கிலப் பயிற்சி நிலையத்தில், இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். வெளிநாட்டு வேலைக்கோ படிப்புக்கோ போகிறவர்கள் எழுதியே ஆகவேண்டிய ஆங்கிலத் தகுதித் தேர்வுக்கு அங்கே பயிற்சி தருகிறார்கள். பேச்சு, எழுத்து என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்பதுக்கு மதிப்பெண்.

“மேடம், இப்பல்லாம் போனே கட்டுரை எழுதிக் குடுத்துடுது. இவங்க அத அப்படியே மனப்பாடம் பண்ணிக்கினு வர்றாங்க. எழுத்துல எல்லாருக்கும் ஆறரை, ஆறரைன்னு நிக்குது. ஒரே பேஜாரா இருக்குது. பேசாம உங்க பழைய நீலப் புத்தகத்தயே திரும்ப அச்சு போட்டுடலாமான்னு கேக்குறாங்க. உங்க பேரோடயே போடுறோம் மேடம்.”

என் பெயரோடு என்றதும் ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? ஆனாலும் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஏன் கூடாது என்று கேட்டாள். அது போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் விழுப்புரத்தில் தமிழ் வழியில் படித்தவள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பரீட்சை என்றால் நோட்ஸ் வாங்கி, கட்டுரையை வரிக்கு வரி உருப்போட்டு, கமா முதற்கொண்டு அப்படியே இறக்கி வைப்பது. அதில் நான்தான் வகுப்பில் முதல். பிறகு அஞ்சல் வழியில் ஆங்கிலப் பட்டம், ஒரு தனியார் பள்ளியில் சில வருடம் வேலை. முப்பத்தெட்டு வயதில் இந்த நிலையத்துக்கு வந்து சேர்ந்தேன். தினமும் விழுப்புரத்திலிருந்து காலை பாசஞ்சர், சாயங்காலம் கிடைத்த பஸ். இவ்வளவுதான் என் பூர்வீகம்.

நிலையத்தை நடத்தியவர் தரணேந்திரன் சார். செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு டயர் கடை மாடியில் மூன்று அறை, அதுதான் நிலையம். சூரியன் சாய்ந்தபிறகு அவர் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. அதனால் மாலை ஐந்தேகாலுக்கு, உலகமே இடிந்து விழுந்தாலும், டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவார். அதற்கு முன்னால் பேச வேண்டியதைப் பேசிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும்.

குரல் உயர்த்த மாட்டார். அவருக்கு இருந்தது ஒரு பச்சை மசிப் பேனாவும் ஒரு கேள்வியும்தான். திங்கட்கிழமைதோறும் பாடம் சொல்லித்தருகிற நாங்களே கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நாற்பது நிமிடத்தில் ஒரு கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும். அதை அவர் திருத்த மாட்டார். ஏதாவது ஒரு வார்த்தைக்கு அடியில் பச்சைக் கோடு போட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

“இந்த வார்த்தைய எங்க பாத்தீங்க?”

பதில் ஓர் இடமாக இருக்க வேண்டும். இந்தப் பேப்பரில், இந்தச் செய்தியில். இன்ன அலுவலகத்து அறிவிப்புப் பலகையில். ‘அகராதியில் பார்த்தேன்’ என்றால் பேசாமல் அந்த வார்த்தையை அடித்துவிடுவார். முதல் ஆறு மாதம் அந்த மனிதரை மனதுக்குள் திட்டாத திங்கட்கிழமையே கிடையாது.

ஆனால் அந்தக் கேள்வி என்னை மாற்றியது. ரயிலில், வங்கியில், உரக்கடையில் எங்கே ஆங்கில எழுத்தைப் பார்த்தாலும் நின்று படிக்கத் தொடங்கினேன். ‘டிப்ளீஷன்’ என்ற வார்த்தையை நிலத்தடி நீர் குறைந்துகொண்டே வருவது பற்றிய ஓர் அறிவிப்பில் பார்த்தேன். ‘அட்வர்ஸ்’ என்ற வார்த்தை, மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த, பாதகமான பின்விளைவுகளைச் சொல்லும் தாளில் இருந்தது. ‘டெட்டீரியரேட்’ என்ற வார்த்தையை என் அப்பாவின் மருத்துவமனைத் தாளில் பார்த்தேன். அவர் நிலைமை நாளுக்கு நாள் மோசமாகிறது என்று டாக்டர் எழுதியிருந்தார். வராந்தாவில் நின்று அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த வார்த்தை எனக்கு இந்த ஜென்மத்தில் மறக்காது.

இப்படிச் சேர்த்த வார்த்தைகளைத்தான் பத்து வருடத்தில் ஒரு புத்தகமாக்கினேன். நீல அட்டை. இடப்பக்கம் ஆங்கில வார்த்தை, வலப்பக்கம் தமிழில் பொருள், கடைசியில் எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற மாதிரி வாக்கியங்கள். அட்டையில் ‘தொகுப்பு: அமுதா’. நிலையத்தின் பேனரிலேயே புத்தகத்தின் படம் போட்டார்கள். விழுப்புரத்திலிருந்தெல்லாம் அந்தப் புத்தகத்துக்காகவே வந்து சேர்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த நேரத்தில்தான் செல்வராணி வந்தாள்.

ஒலக்கூர்ப் பக்கம் வீடு. வீட்டுக்காரர் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். இரண்டு பெண் பிள்ளைகள். இவள் திண்டிவனத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினெட்டு வருடமாக நர்ஸ். எனக்கு அப்போது ஐம்பத்தொன்று, அவளுக்கு நாற்பத்திரண்டு. அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை அவளை நேர்காணல் செய்து வேலைக் கடிதமும் கொடுத்துவிட்டது. நவம்பர் முடிவதற்குள் தேர்வு மதிப்பெண்ணை அனுப்பினால் வேலை. இல்லையென்றால் கடிதம் செல்லாது. பேசுவது, கேட்பது, படிப்பது எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். எழுத்தில் மட்டும் ஏழு வேண்டும். மூன்று முறை எழுதி மூன்று முறையும் ஆறரை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

“எனக்குக் கீழ ட்ரெய்னிங் எடுத்த பொண்ணுங்கல்லாம் போய்ட்டாங்க மேடம்” என்றாள் முதல் நாள். “இந்த வயசுல இன்னொரு தடவ என்ன யாரு கூப்புடப் போறாங்க? இதான் கடைசி. நீங்க சொல்றத அப்படியே செய்றேன்.”

நான் சொன்னதை அவள் அப்படியே செய்ததுதான் வம்பாகப் போயிற்று. நீலப் புத்தகத்தை முழுசாக விழுங்கிவிட்டாள். நடுவில் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் ஒப்பிப்பாள். கட்டுரையில் ‘ப்ளெத்தோரா’ இல்லாத பத்தி கிடையாது. ‘எண்ணற்ற’ என்று நான் பொருள் போட்டிருந்த வார்த்தை. நான்கூட “சபாஷ், வார்த்தை வளம் பிரமாதம்” என்று எழுதிக் கொடுத்தேன். தன் முதுகு தனக்குத் தெரியுமா?

சரஸ்வதி பூஜை வந்தது. எங்கள் நிலையத்தில் அது பெரிய நாள். எல்லா மாணவர்களும் நீலப் புத்தகத்தைக் கொண்டுவந்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்குவார்கள். சந்தனம், குங்குமம், பொரி, கடலை. கீழே டயர் கடைக்காரர் தெருவில் பூசணிக்காய் உடைப்பார். பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். அன்றைக்குப் படிக்கக் கூடாது. வகுப்பும் கிடையாது.

பூஜை முடிந்து பொரி கட்டிக்கொண்டு எல்லாரும் போய்விட்டார்கள். செல்வராணி மட்டும் போகவில்லை.

“மேடம், எனக்கு இன்னிக்கு விட்டா அடுத்த வாரம்தான் ஆஃபு. பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம்கூட முழுசா இல்ல. ஒரே ஒரு கட்டுரை எழுதிட்டுப் போறேன்.”

“புத்தகம் பூஜைல இருக்குதேம்மா.”

“ஜல்தியா ஒரு தடவ பாத்துட்டு அப்படியே வச்சிடுறேன் மேடம். அது இல்லாம எனக்கு ஒரு வார்த்தகூட வராது.”

“சாமி கிட்ட வச்சத எடுக்கக் கூடாது” என்றேன். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. “எழுதறதா இருந்தா அது இல்லாம எழுது.”

“அப்ப பேனா?”

நியாயமான கேள்வி. பேனாக்களையும் பூஜையில் வைத்திருந்தோம். அவளே பையைத் துழாவி ஒன்றை எடுத்தாள். “இது நேத்து மருந்து கம்பெனி ரெப் குடுத்தது மேடம். சாமி இதப் பாக்கல.” இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

பழைய வினாத்தாள் ஒன்றிலிருந்து தலைப்பு கொடுத்தேன். வயதானவர்களைக் குடும்பமே பார்த்துக்கொள்ள வேண்டுமா, இல்லை அதற்கென்று இருக்கும் இல்லங்களில் விடலாமா? நாற்பது நிமிடம். முதல் பத்து நிமிடம் அவள் பேனாவைத் திறந்து திறந்து மூடினாள். அடிக்கடி சரஸ்வதி படத்துப் பக்கம் பார்த்தாள். பிறகு ஏதோ ஒரு வேகத்தில் எழுத ஆரம்பித்தாள். முடித்துத் தாளை நீட்டியபோது அவள் முகம் வாடியிருந்தது.

“ஒண்ணுமே வரல மேடம். சாதாரணமா எழுதிட்டேன். சிரிக்காதீங்க.”

நான் படித்தேன். வழக்கத்தைவிடச் சின்னக் கட்டுரை. ப்ளெத்தோரா இல்லை. புத்தகத்து மாதிரி வாக்கியங்களில் வரும் ‘இந்த நவீன யுகத்தில்’ இல்லை. படுத்த படுக்கையாக இருக்கிறவரை இரண்டு மணிக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று எழுதியிருந்தாள். மகன் எவ்வளவு பாசக்காரனாக இருந்தாலும் சரியான மேற்பார்வை இல்லையென்றால் நோயாளியின் நிலைமை மோசமாகிவிடும் என்று ஒரு வரி. அந்த இடத்தில் ‘டெட்டீரியரேட்’ என்ற வார்த்தை கொஞ்சமும் பிசகாமல் உட்கார்ந்திருந்தது.

என்னையும் அறியாமல் சாரின் கேள்வியைக் கேட்டேன். “இந்த வார்த்தைய எங்க பாத்த?”

“இதா? கேஸ் ஷீட்ல மேடம். ட்யூட்டி மாத்திக் குடுக்கும்போது தெனம் எழுதுவோமே.”

“இது? காம்ப்ளை?”

“வார்டுல ரூல்ஸுக்குக் கட்டுப்படணும்னு ஒட்டியிருக்குற நோட்டீஸ்ல.”

அவளுடைய பழைய கட்டுரை ஒன்றை எடுத்து, அதிலிருந்த ப்ளெத்தோராவைக் காட்டினேன். “இத எங்க பாத்த?”

“உங்க புக்குல மேடம். பதினாலாம் பக்கம், மேலருந்து மூணாவது.”

“வேற எங்கயாச்சும்?”

யோசித்தாள். “வேற எங்கயும் பாக்கலியே மேடம்.”

எந்த மருத்துவமனையிலாவது ‘நேற்று ப்ளெத்தோரா நோயாளிகள் வந்தார்கள்’ என்று யாராவது எழுதுவார்களா? எனக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் ஓர் இடம் இருந்தது, அதன் பக்கத்தில் நின்ற மற்ற வார்த்தைகள் இருந்தன. என் அப்பா இருந்தார். அதையெல்லாம் உரித்துப் போட்டுவிட்டு வெறும் கொட்டையை இவர்கள் கையில் கொடுத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் நான் உருப்போட்ட நோட்ஸை நானே மறுபடி எழுதி, நீல அட்டை போட்டு, அதில் என் பெயரையும் எழுதியிருந்தேன்.

மறுநாள் விஜயதசமி. இரண்டு கட்டுரைகளையும் சார் மேஜையில் வைத்தேன். நான் விஷயத்துக்கு வந்து சேர்வதற்குள் மணி ஐந்தேகால் ஆகிவிட்டது. டிபன் பாக்ஸைத் திறந்தார். தயிர் சாதம், எலுமிச்சை ஊறுகாய்.

“புத்தகத்த நிறுத்திடலாம் சார்” என்றேன்.

“அதப் பாத்துதாம்மா பாதிப் பேரு சேர்றாங்க. அது இல்லன்னா பேனர்ல என்ன போடுறது?”

“முதல்ல என் பேர எடுங்க. அப்புறம் என்ன வேணும்னாலும் போடுங்க.”

அவர் நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, பாக்ஸைக் கழுவித் துடைத்து, மூடினார். “ஒரு வாரம் குடுங்க” என்றார்.

அந்த வாரம் முழுக்கப் பழைய அலமாரியைத் திறந்து, எழுத்தில் ஆறரையோடு நின்றுபோனவர்களின் பயிற்சித் தாள்களையெல்லாம் எடுத்துப் படித்தார். பச்சைப் பேனா ஓயவேயில்லை. ஏழாம் நாள் என்னைக் கூப்பிட்டு அந்தக் கட்டைக் காட்டினார். வருடம் வேறு, ஊர் வேறு, கையெழுத்து வேறு. பச்சைக் கோடு போட்ட வாக்கியங்கள் மட்டும் ஒன்றே.

“எல்லாம் ஒரே ஆளு எழுதின மாதிரி இருக்குதும்மா” என்றார். “அந்த ஆளு நீங்கதான். உங்களக் கேட்ட கேள்விய நான் ஒருநாளும் இவங்களக் கேக்கல. தப்பு என்மேலயும்தான்.”

என் வேலைக் காலத்தில் அவ்வளவு அவமானமாக நான் உணர்ந்த நாள் வேறு இல்லை. அவ்வளவு தெளிவாக உணர்ந்த நாளும் இல்லை. அன்று இரவு பஸ்ஸில் ஊர் திரும்பும்போது ஒன்று முடிவு செய்தேன். செல்வராணியை ஏழுக்குக் கொண்டுபோகாமல் விடுவதில்லை.

ஐந்து வாரம்கூட முழுசாக இல்லை. நீலப் புத்தகத்தை அவளிடமிருந்து வாங்கிப் பூட்டி வைத்தேன். காலி மருந்து அட்டைப் பெட்டிகளை வெட்டிச் சீட்டுகளாக்கச் சொன்னேன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை. எந்த வார்த்தை, அதன் முன்னும் பின்னும் என்ன வார்த்தைகள் இருந்தன, எங்கே பார்த்தாள். மூன்றும் சீட்டில் இருக்க வேண்டும். இடம் இல்லாத சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவேன். அந்தப் பத்தையும் வைத்து அன்றே, அவளுக்கு நடந்ததைப் பற்றிப் பத்து வாக்கியம்.

மருத்துவமனை பற்றி எழுதுவது அவளுக்குச் சுலபம். தேர்வில் அதையே கேட்பார்களா? போக்குவரத்து, பள்ளிக்கூடம், தண்ணீர் என்று எதுவும் வரும். நெடுஞ்சாலைப் பலகைகள், மகள்களின் பள்ளிச் சுற்றறிக்கை, உரமூட்டை, ஆங்கிலப் பேப்பரில் தினம் ஒரு செய்தி என்று அலைந்து சேர்த்தாள். ஒருநாள் பழைய சின்னங்களைப் பாதுகாப்பது பற்றித் தலைப்புக் கொடுத்தேன். தாளைக் கீழே வைத்துவிட்டாள்.

“நான் ஒரு மியூசியம்கூடப் பாத்ததில்ல மேடம். பொய்யாதான் எழுதணும்.”

“செஞ்சிக் கோட்டை எங்க இருக்குது?” என்றேன்.

அந்த வாரம் அவளுக்கு ஆஃப் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு கோட்டைக்குப் போய், அங்கிருந்த ஆங்கிலப் பலகைகளையெல்லாம் வெயிலில் நின்று எழுதிக்கொண்டு வந்தாள். காவலாளி அவளை யாரோ அதிகாரி என்று நினைத்து, கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை என்று புகார் சொன்னாராம். ‘பிரிசர்வ்’, ‘ரெஸ்டோர்’ எல்லாம் அந்த வெயிலோடு சேர்ந்துதான் அவள் மண்டைக்குள் போயின.

நடுவில் ஒரு வாரம் மோசமாகிவிட்டது. தொடர்ந்து நைட் டூட்டி. வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். “என்னால ஆவல மேடம், புக்கையே குடுத்துடுங்க, அதையே எழுதிட்டு வந்துடுறேன்” என்று அழுதாள். சாவி என் பையில்தான் இருந்தது. கொடுத்திருந்தால் அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? கொடுக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, “முகத்தக் கழுவிட்டு வா. இன்னும் மூணு சீட்டு பாக்கி” என்றேன். முறைத்துவிட்டுப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

தேர்வில், குழந்தைகளைக் குறிவைத்து வரும் விளம்பரங்களைப் பற்றி எழுதச் சொன்னார்களாம். நாங்கள் ஒருநாளும் தொடாத தலைப்பு. சத்து டானிக் டப்பாவையும் மகளின் பள்ளிச் சுற்றறிக்கையையும் நினைத்துக்கொண்டு எழுதினேன் என்றாள். சுமாரா, நல்லாவா என்று கேட்டேன். “பொய் எதுவும் எழுதல மேடம்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

முடிவு வந்த அன்று காலை நான் விழுப்புரம் பிளாட்பாரத்தில் பாசஞ்சருக்காக நின்றிருந்தேன். போன் அடித்தது.

“சொல்லு செல்வராணி.”

“ஏழு மேடம்.”

“எழுத்துலயா?”

“எழுத்துலதான் மேடம். ஏழு.”

ரயில் வந்து நின்று போய்விட்டது. நான் ஏறவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். முன்பின் தெரியாத ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அன்று நான் நிலையத்துக்குத் தாமதமாகப் போனதை சார் கேட்கவில்லை. பதிவேட்டில் பச்சை மசியால் ‘7’ என்று எழுதிவிட்டு, அச்சகத்துக்குப் போன் செய்தார். “அதே நீல அட்டை. உள்ள ஒண்ணும் வேணாம். மூணு பத்தி கோடு மட்டும் போடுங்க. கடைசிப் பத்திக்கு மேல ‘எங்கே பார்த்தீர்கள்’னு போடுங்க.” பிறகு என்னைப் பார்த்து, “அட்டை அதே இருந்தா பேனர மாத்த வேணாம் பாருங்க” என்றார். மனிதர் கடைசிவரை அப்படித்தான்.

எனவே நஸ்ரீன், உன் மாணவர்கள் போனிலிருந்து உருப்போட்டு வருவதைப் பார்த்து எனக்கு ஆச்சரியமே இல்லை. நான் செய்ததை இப்போது போன் செய்கிறது, அவ்வளவுதான். அதற்கு மருந்து என் பழைய புத்தகம் இல்லை. அலமாரியின் கீழ்த் தட்டில் காலி நீலப் புத்தகங்கள் இன்னும் ஒரு கட்டு இருக்கும், பார். அதைக் கொடு. கேள்வியைக் கேள். திட்டுவார்கள், கேட்டுக்கொண்டே இரு.

நீ போன் செய்த மறுநாள் செல்வராணி ஒரு படம் அனுப்பினாள். அவள் அயர்லாந்து போய் வருடங்கள் ஆகின்றன. பொங்கலுக்கும் சரஸ்வதி பூஜைக்கும் ஏதாவது அனுப்புவாள். இந்த முறை வந்தது ஒரு நோட்டீஸின் படம். அவள் வார்டில், புதிதாக வேலைக்கு வருகிற நர்சுகள் படிப்பதற்காக ஒட்டியது. வயதான நோயாளியின் நிலைமை மோசமாகத் தொடங்குவதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஆங்கிலத்தில் ஆறு வரி. இரண்டாவது வரியில் ‘டெட்டீரியரேட்’ இருந்தது. அதன் அடியில் அவள் பச்சைக் கோடு போட்டிருந்தாள்.

படத்துக்குக் கீழே ஒரு செய்தி: “எங்க பாத்தேன்னு கேக்காதீங்க மேடம். இது நான் எழுதினது.”